கோயிலுக்கு அந்தப் பக்கத்து ரோடு

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
30.10.2023

சத்யப்பிரியாவின் அப்பாவுக்கு,

அனுசியா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறவள் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன செய்வது, என் போன் உங்கள் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது. ஒன்றியக் கவுன்சிலர் அனுசியா என்று போஸ்டரில் போட்ட நம்பருக்கு யார் கூப்பிட்டாலும், "கவுன்சிலர்தான் பேசுறேன், சொல்லுங்க" என்று நீங்கள்தான் கனைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஓட்டு எண்ணி முடித்த நாளிலிருந்து இதே கதைதான். நான் வந்து தங்கியிருக்கிற ஈஸ்வரி அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டால் நீங்கள் கத்துகிறீர்கள், நானும் கத்திவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் இதைப் பால் வண்டி ஜோயலிடம் கொடுத்துவிடுகிறேன். காலையில் நம்மூர்ப் பாலை இங்கே பால்கோவாக் கடைகளுக்குக் கொண்டுவருகிறவன், திரும்பும்போது வெறும் கேனோடுதானே போகிறான்.

நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்ததற்கு, அக்காவுக்கு மேலுக்கு முடியவில்லை என்று ஊரில் காரணம் சொல்கிறீர்களாம். அக்கா அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். நான் எதற்கு வந்தேன் என்று உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

மெயின் ரோட்டு விலக்கிலிருந்து நம் ஆவாரங்குளத்துக்குப் போட்ட புது ரோடு, முதல் மழைக்கே ஓடைப் பாலத்துப் பக்கம் உட்கார்ந்துவிட்டது. அங்காளம்மாள் மதினி பால் கேனை மடியில் வைத்துக்கொண்டு மகன் வண்டியில் பின்னால் வந்தவள், சக்கரம் சொதக்கென்று இறங்கி ஓடைக்குள் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நான் வேட்புமனு கொடுத்த அன்று என்னை முன்மொழிந்து கைநாட்டு வைத்தவள் அவள். நீங்கள் மழை மேல் பழி போட்டுவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டீர்கள். ஐப்பசியில் மழை பெய்வது என்ன புதுச் செய்தியா?

ரோட்டு வேலை முடிந்தால் அந்த வார்டுக் கவுன்சிலர் ஓவர்சியரோடு ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை நடந்து பார்த்துவிட்டுக் கூட்டத்தில் சரி என்று சொல்ல வேண்டும், அதுதான் நம் ஒன்றியத்து வழக்கம். நடக்க வேண்டியவள் நான். "வெயில்ல நீ எதுக்குட்டி அலையுற, நான் பாத்துக்கிடுறேன்" என்று நீங்கள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். உங்கள் சிநேகிதர் காண்டிராக்டர் ஞானதுரை அண்ணன், புது ரோட்டுக்குக் கண்ணேறு கழிக்கிறேன் என்று பாதி வழியில் கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டினார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரராக இருந்தும் நம்ம சாமிக்குக் கிடா கொடுத்தாரே என்று ஊரே மெச்சியது. விலக்கிலிருந்து வந்த ஜீப்பு, பாலத்துக்கு முன்னாலேயே கோயிலில் நின்றது, இலை போட்டார்கள், எல்லோரும் உட்கார்ந்தீர்கள். சாயங்காலம் நான் "பாலம் எப்படி இருக்கு" என்று கேட்டதற்கு "கறி நல்லா வெந்திருந்துச்சு" என்று பதில் சொன்னீர்கள். தூக்குவாளியில் வந்த குழம்பை நானும் ஊற்றிச் சாப்பிட்டேன். அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி சரி என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

இப்போது ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். அன்றைக்குக் கோயிலுக்கு அந்தப் பக்கம் ரோட்டைப் பார்க்க நீங்கள் போனீர்களா, இல்லையா?

நவம்பர் 22-ஆம் தேதி கூட்டம். அந்த ரோட்டை நான் பார்க்கவில்லை, வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுந்து சொல்லப் போகிறேன். நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அனுசியா

---

ஆவாரங்குளம்
3.11.2023

கோபக்காரிக்கு,

உன் கடிதத்தை ஜோயல் பயல் டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் நீட்டி, "அண்ணே, அக்கா லெட்டர் குடுத்துவிட்டிருக்காவ" என்கிறான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். கோர்ட்டு நோட்டீஸ் வந்திருந்தால்கூட இவ்வளவு கூச்சப்பட்டிருக்க மாட்டேன். அடுத்த தடவை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லு.

நீ எழுதியிருப்பதைப் படித்தால் நான் ஏதோ கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறது. நம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியதால்தான் உன்னை நிறுத்தினேன். வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டது யார்? நீ வெட்கப்பட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாய். தெருவிளக்கு, போர்வெல், மகாராஜபுரத்தோடு நின்ற பஸ்ஸை நம்மூர் வரைக்கும் வரவைத்தது, எல்லாவற்றுக்கும் ஒன்றிய ஆபீஸில் போய்க் கால் கடுக்க நின்றது நான். நான்கு வருஷமாக என் தோட்டத்துத் தென்னைக்கு உரம் வைக்க நேரமில்லை. அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியவில்லை, கிடாக்கறி மட்டும் தெரிகிறது.

அங்காளம்மாள் விழுந்ததில் எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? ஓடைக்குள் இறங்கித் தூக்கினது நானும் அவள் மகனும்தான். ஆனால் அதற்காகக் கூட்டத்தில் எழுந்து நின்று புருஷன் பேரைக் கெடுக்க வேண்டுமா? அங்கே இருக்கிற பொம்பளைக் கவுன்சிலர்களில் பாதிப் பேர் வீட்டில் இதேதான் நடக்கிறது. நீ மட்டும் என்ன பெரிய கலெக்டர்? ஞானதுரை ராஜபாளையத்திலிருந்து வந்து என்னிடம், "மாப்ளே, நாலு சட்டி மண்ணைக் கொட்டி அமுக்கிருவோம், தங்கச்சிய மட்டும் பேசாம இருக்கச் சொல்லு" என்றான். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன். அவன் பேர் போனால் அடுத்த வேலை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள். கையெழுத்து உன்னுடையது. பேசினால் முதலில் மாட்டப்போவது நீதான்.

எருமை என்னைப் பக்கத்தில் விட மாட்டேன் என்கிறது. உன் பழைய சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கறக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வா.

சிவபாண்டி

---

மடவார் வளாகம்
7.11.2023

சத்யப்பிரியாவின் அப்பாவுக்கு,

சேலையைப் போட்டுக்கொண்டு பால் கறக்கிற கோலத்தை நினைத்து நானும் சத்யாவும் சிரித்தோம். அவள் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள். சிரித்து முடித்த பிறகு மறுபடியும் உங்கள் கடிதத்தைப் படித்தேன். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை.

தெருவிளக்கும் போர்வெல்லும் பஸ்ஸும் நீங்கள் அலைந்து வாங்கியதுதான். நான் இல்லை என்று சொல்லவே இல்லை. அக்கா உங்களைத் திட்டும்போதுகூட அதைச் சொல்லி அவள் வாயை அடைத்தேன். ஆனால் உங்களுக்கு வாங்கத் தெரிகிறது, வாங்கியதைப் பார்க்கத் தெரியவில்லை. ஜவுளிக்கடையில்கூட பொட்டலத்தைப் பிரிக்காமல் வாங்கி வந்து, வீட்டில் வைத்துக் கிழிசலைக் கண்டுபிடிக்கிற ஆள்தானே நீங்கள்.

நேற்று பஸ் ஏறி ராஜபாளையம் போய் அங்காளம்மாள் மதினியைப் பார்த்தேன். இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். தை மாசம் வரைக்கும் காலைக் கீழே ஊன்றக் கூடாதாம், ஊன்றினாலும் பழைய நடை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "மாட்டை வித்துரலாம்கான் எம்மவன். நான் எந்திரிச்சு வாரதுக்குள்ள வித்துரப்போறான், நீ ஒரு வார்த்தை சொல்லு தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு பஸ் மாறி நம் விலக்கில் இறங்கி, பாலம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வராமல் திரும்பினேன் என்று கோபப்படாதீர்கள். பாலத்துக்கு இரண்டு பக்கமும் களிமண்ணைக் கொட்டி, ரோலர் ஓட்டாமல் மேலாகத் தாரைப் பூசியிருக்கிறார்கள். செருப்பு நுனியால் நெம்பினால் அடையாக வருகிறது. இதற்கு நாலு சட்டி மண் போதுமா? பள்ளிக்கூட வேன் போகிற வழி அது.

நான் மாட்டிக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டிக்கொள்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மைக்கைக் கையில் கொடுத்தால் என் குரல் எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

போனீர்களா, இல்லையா?

அனுசியா

---

ஆவாரங்குளம்
11.11.2023

அனுசியாவுக்கு,

நாளைக்குத் தீபாவளி. சத்யாவுக்குப் பாவாடை சட்டையும் உனக்குச் சேலையும் ஜோயலிடம் கொடுத்திருக்கிறேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, முந்தி வரைக்கும் விரித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

பையில் உன் போனும் இருக்கிறது. வைத்துக்கொள். உனக்காகக் கொடுக்கிறேன் என்று நினைக்காதே, என்னால் தாங்க முடியவில்லை. விடியுமுன்னே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவன் "கவுன்சிலரா? ஒம் பாலத்துல என் டிராக்டர் சிக்கிக் கிடக்கு, வந்து தூக்கு" என்கிறான். இன்னொரு பொம்பளை, பேர் சொல்லவில்லை, பத்து நிமிஷம் மண்ணை வாரித் தூற்றிவிட்டுக் கடைசியில் "இது அனுசியாதான?" என்று கேட்கிறாள். வைத்துவிட்டேன்.

போன் வந்துவிட்டது என்பதற்காக என்னைக் கூப்பிடாதே. நானும் கூப்பிட மாட்டேன். பேசினால் என் வாய் சும்மா இருக்காது. எழுதினால் பாதி வார்த்தையை அடித்துவிடலாம். இதிலேயே எவ்வளவு அடித்திருக்கிறேன் பார்.

திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறாய். போகவில்லை. "இலை போட்டாச்சு மாப்ளே, ஆறிரும்" என்றான் ஞானதுரை. ஓவர்சியரும் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் எழுந்து நடந்தால் சாப்பாடு போட்டவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா? சாமிக்கு வெட்டின கிடா. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் உட்கார்ந்துதான் இருப்பார்கள். இப்போது உனக்குத் திருப்தியா?

ஆனால் இது உனக்கும் எனக்கும் உள்ள பேச்சு. வீட்டில் என்னை என்ன வேண்டுமானாலும் கேள், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். கூட்டத்தில் நாலு பேர் முன்னால் என் பேரைச் சொன்னால் பிறகு இந்த வாசல்படியை நீ மிதிக்க வேண்டாம். இதை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

சிவபாண்டி

---

மடவார் வளாகம்
23.11.2023

சத்யப்பிரியாவின் அப்பாவுக்கு,

நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். யார் யார் எப்படி எப்படிச் சொன்னார்களோ, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

கூட்டத்தில் நீங்கள் வாங்கிக் கொடுத்த தீபாவளிச் சேலையைத்தான் கட்டியிருந்தேன். நம் ரோட்டு விஷயம் வாசித்து முடித்ததும் எழுந்தேன். மைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இந்த ரோட்டை நான் பாக்கலை. என் வீட்டுக்காரர்தான் போனாவ. அவியளும் கருப்பசாமி கோயிலோட நின்னுட்டாவ. பாலத்துப் பக்கம் வேலை சரியில்லை, ஒரு மனுசி விழுந்து கிடக்கா. நான் சரின்னு சொன்னது தப்பு. திரும்பச் செய்யணும்." இவ்வளவுதான் பேசினேன். நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. கறியைப் பற்றியும் சொல்லவில்லை. அதைப் பின்வரிசையில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

"கையெழுத்து உங்களுதுதானேம்மா?" என்று சேர்மன் கேட்டார். "ஆமா, அதையும் எழுதிக்கிடுங்க" என்றேன். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என்னோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளியே வராந்தாவில் அவர்கள் வீட்டுக்காரர்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைக் கடந்து போனபோது ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் பக்கத்து வார்டு கருத்தம்மா அக்கா கூடவே வந்தாள். பஸ் ஏறும்போது என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பொறியாளர் வந்து தோண்டிப் பார்க்கப் போகிறார். வேலை மோசமென்றால் காண்டிராக்டரே திரும்பச் செய்து கொடுக்க வேண்டும், செய்த பிறகு கவுன்சிலர் நேரில் நடந்து பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டாயிற்று. எனக்கும் இனிமேல் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு எச்சரிக்கை. வாங்கிக்கொண்டேன்.

வாசல்படி மிதிக்கக் கூடாது என்று நீங்கள் எழுதியதால் நேற்று சாயங்காலம் நான் நம்மூர் பஸ்ஸில் ஏறவில்லை. பஸ் கிளம்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அனுசியா

---

ஆவாரங்குளம்
27.11.2023

கவுன்சிலர் அனுசியா அவர்களுக்கு,

பத்திரிகையில் ஓரமாகச் செய்தி போட்டிருக்கிறார்கள். டீக்கடையில் சத்தம் போட்டு வாசித்தார்கள். இப்போது ஊரில் எனக்குக் கிடாக்கறிக் கவுன்சிலர் என்று பேர். நான் தெருவில் நடந்தால் சின்னப் பயல்கள் மே என்று கத்துகிறார்கள். மகாராஜபுரம் சந்தைக்குப் போனால் அங்கேயும் அதே பேர்.

ஞானதுரை வந்து வாசலில் நின்று, "ஒரு இலை சாப்பாட்டுக்கு இப்படிப் பண்ணிட்டியேடா" என்றான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உள்ளேகூட வராமல் போய்விட்டான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை ஒரு இடத்திலாவது தலைகுனிய வைத்திருக்கிறேனா? எனக்கு நீ வைத்துவிட்டாய். ரொம்பச் சந்தோஷம். இனி கடிதம் எழுத வேண்டாம்.

சிவபாண்டி

---

மடவார் வளாகம்
1.12.2023

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இது கவுன்சிலர் எழுதுவது, அதனால் படித்துத்தான் ஆக வேண்டும். பொறியாளர் பாலத்துப் பக்கம் தோண்டிப் பார்த்து, தாருக்குக் கீழே போட வேண்டிய கிராவல் மண்ணே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பொங்கலுக்குள் ஞானதுரை அண்ணன் திரும்பப் போட வேண்டும். அது வரைக்கும் பள்ளிக்கூட வேன் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கோயில் வரைக்கும் நடந்து வந்து ஏற வேண்டும். பெற்றவர்கள் சத்தம் போட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.

இது அனுசியா எழுதுவது. சின்னப் பயல்கள் உங்களைக் கேலி பண்ணுகிறார்கள் என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் நீங்களே எழுதுங்கள்.

---

ஆவாரங்குளம்
18.1.2024

அனுசியாவுக்கு,

நீ கேட்டதற்கு ஒன்றரை மாசம் யோசித்தேன். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் அங்காளம்மாளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர அவள் மகன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். வண்டி ஏற்பாடு பண்ணிக்கொண்டு போனேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு கால் தரையில் சரியாகப் பதியவில்லை. நான் பக்கத்தில் போய், மாடு பத்திரமாக இருக்கிறது, நான் விற்க விடவில்லை என்று சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அந்தத் தைரியத்தில், "என் மேல கோவமா மதினி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒம்மேல எனக்கென்னப்பா கோவம்? நான் கைநாட்டு வச்சது அனுசியாவுக்கு. ஒனக்கு வைக்கலையே" என்றாள்.

கிண்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நீ எழுதின அத்தனை கடிதத்திலும் ஏறாதது அந்த ஒரு வார்த்தையில் ஏறிவிட்டது. எனக்குக் கேவலமாக இருந்தது, அனுசியா. கேலி பண்ணினபோதுகூட அப்படி இல்லை.

மறுநாள் ராஜபாளையம் போய் ஞானதுரையைப் பார்த்தேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. எந்த நாளும் கோபம் தங்காத ஆள், காப்பி குடித்ததும் பேசினான். வேலையை ஆரம்பித்துவிட்டான். தோண்டுகிற முதல் நாளிலிருந்து பாலத்தில் நான்தான் நிற்கிறேன். கிராவல் வந்த லாரியை நானே ஏறிப் பார்த்தேன். ரோலர் ஓட்டுகிறவன் என்னைக் கண்டாலே பெருமூச்சு விடுகிறான். வெயிலில் நின்று முகம் கறுத்துவிட்டது, அக்கா பார்த்தால் என்னை அடையாளம் தெரியாது என்பாள். கரும்புகூட அங்கேயே நின்றுதான் தின்றேன். சத்யா இல்லாத பொங்கல் இனி எனக்கு வேண்டாம்.

தார் போட்டு முடித்தாயிற்று. அச்சு வார்த்த மாதிரி இருக்கிறது, ஒரு குறை சொல்ல முடியாது. வருகிற புதன்கிழமை நீ வந்து பார்க்கிறாய் என்று ஓவர்சியர் சொன்னார். சும்மா ஒரு நடை நடந்து தலையை ஆட்டிவிட்டுப் போ. இந்தத் தடவை வேலையைப் பார்த்தது நான். அதையாவது நம்பு.

வாசல்படி பற்றி எழுதியதை இப்போது அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

சிவபாண்டி

---

மடவார் வளாகம்
25.1.2024

சத்யப்பிரியாவின் அப்பாவுக்கு,

நேற்றுப் பாலத்தில் நீங்கள் நின்ற இடத்தையும் நான் நின்ற இடத்தையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவ்வளவு பேர் முன்னால் உங்களிடம் ஒன்றும் பேச முடியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் எனக்கும் ஆசையாக இருந்தது. விலக்கிலிருந்து நடந்து வரும்போது உங்கள் கறுத்த முகத்தைப் பார்த்தேன், மனசு இளகிவிட்டது. நீங்கள் ரோட்டைக் காட்டியதுகூட சத்யா பிறந்தபோது அவளை எனக்குக் காட்டினது மாதிரி இருந்தது. மேற்குப் பக்கம் ஒரு குறையும் இல்லை. கிழக்குப் பக்கமும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாலம் முழுசும் நடந்து முடித்தபோது, தேங்காய் லோடு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து ஓரமாக நின்றது. நாங்கள் விலகி வழி விடுவோம் என்று காத்திருக்கிறார்கள். அதை ஓட்டிப் போகச் சொன்னேன். கிழக்கு ஓரத்தில் போனதும் தார் நீளமாக அமுங்கியது. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கை அதில் இறங்கியது.

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. நீங்கள் பொங்கலுக்கும் வீட்டுக்குப் போகாமல் நின்று போட்ட ரோடு. சரி என்று சொன்னால் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனாலும் "கிழக்குப் பக்கம் சரியில்லை. தோண்டித் திரும்பப் போடணும்" என்றேன். ஊரே கூடி நிற்கிறது. உங்கள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

ஓவர்சியர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் உங்களைத்தான் பார்த்தார். ஞானதுரை அண்ணனும் உங்களைத்தான் பார்த்தார். "மாப்ளே, நீ கூடவே நின்னேல்ல? நீ சொல்லு" என்றார். எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். நான் அங்கே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் இப்படித்தான் நடந்தது, இனியும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் குனிந்து அந்த அமுங்கின இடத்தை விரலால் தடவினீர்கள். எவ்வளவு நேரம் தடவினீர்களோ, எனக்கு ரொம்ப நேரம் மாதிரி இருந்தது. பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "கவுன்சிலர் சொல்லிட்டாவல்ல. எங்கிட்ட என்ன கேள்வி? தோண்டு" என்றீர்கள்.

என்னை மரியாதையாக அவிய, இவிய என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஓட்டுக் கேட்கப் போனபோதுகூட "எம் பொஞ்சாதிக்குப் போடுங்க" என்றுதான் சொன்னீர்கள். நேற்று பஸ்ஸில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நாளை குடியரசு தினம், நம்மூரில் கிராமசபை. அதற்கு வருவது கவுன்சிலர் வேலை. கூட்டம் முடிந்து சாயங்காலப் பஸ்ஸில் திரும்பாமல் இருப்பது என் சொந்த வேலை. சத்யாவும் வருகிறாள், துணிப்பைகளை இப்போதே கட்டிக்கொண்டிருக்கிறாள். பாலத்தைத் தோண்டிப் போட்டிருப்பதால் பஸ் கோயிலோடு நின்றுவிடும் என்று ஜோயல் சொன்னான். மிச்ச தூரத்தை நடந்துவிடுவோம். நீங்கள் எதிரே வர வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் பை மூன்று இருக்கிறது.

அனுசியா